பின்னால் வந்த ஸ்டூல்

என் மகள் போனில் பேசும்போது, அவள் சொல்லும் விஷயத்தைவிட நடுவில் எங்கே மூச்சு விடுகிறாள் என்பதைத்தான் இன்றும் கவனிக்கிறேன். "இன்னாப்பா, கேக்கறியா இல்லியா?" என்று அதட்டுவாள். கேட்கிறேன் என்பேன். அது பொய்யில்லை.

தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். சில நாட்களில் மகளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே கிடந்தாள். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள் பார்க்க வந்தவர்கள். இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றார். இதயம் நின்றுவிடவில்லை, ரத்தத்தைத் தள்ளும் பலம்தான் குறைந்திருக்கிறது, பிரசவத்தை ஒட்டி அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும், மாத்திரையில் தேற வாய்ப்புண்டு என்று நிதானமாக விளக்கினார். அந்த முதல் இரண்டு சொற்களுக்குப் பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது, மூச்சும் அடங்கியது. ஆனால் பிள்ளையோடு புருஷன் வீட்டுக்கு அனுப்பவேண்டிய மாதம் வந்தும் அனுப்ப முடியவில்லை. அவள் வீடு பாகலூர் சாலையில் இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

"அந்தப் படிய ஏறி என் வூட்டுக்குப் போகணும் டாக்டர். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

"அப்ப நடக்க ஆரம்பிங்க" என்று அவர் உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்.

பலவீனமான இதயத்துக்கு ஓய்வுதானே மருந்து என்று அங்கே நான் வாதாடினேன். பிசியோதெரபி பெண்மணி அசரவில்லை. "நிலைமை சீரானப்புறமும் உக்காந்தே இருந்தா தசையெல்லாம் கரைஞ்சிடும் சார். அப்புறம் எழுந்து நின்னாலே மூச்சு வாங்கும்." நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தபடி சில வாரங்கள் தன் கண்முன்னால் நடக்கவைத்தார். பிறகு எங்கள் தெருவில் நடக்கச் சொன்னார். அவர் கொடுத்த அளவுகோல் எளிது. நடந்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடியவேண்டும். வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ நின்றுவிடவேண்டும்.

நான் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனி பஸ்கள் போய்த் தெரு ஓய்ந்த பிறகு நாங்கள் கிளம்புவோம். அவள் முன்னால், ஸ்டூலோடு நான் பின்னால். அவள் வேகம் தளர்ந்தால் ஸ்டூல் தரையில் இறங்கிவிடும். "ஸ்டூல வூட்லயே வைங்க சார், அதப் பாத்தா உக்காரத்தான் தோணும்" என்று பிசியோதெரபி அம்மா சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. முதல் நாட்களில் மகள் பேசியதெல்லாம் "போதும்ப்பா" என்ற ஒரே சொல்தான்.

ஒரு காலை, முனை வீட்டுக் கன்னடக்காரப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்து என்னை நிறுத்தினாள். "அண்ணா, ஸ்டூலு எஷ்டு?" விலை கேட்கிறாள். தினமும் பார்த்து, விற்க வருகிறேன் என்றே முடிவுகட்டியிருக்கிறாள்.

நான் விழித்தேன். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், நடையையும் நிறுத்தாமல் சொன்னாள்: "ஸ்டூல் ஒண்ணு வாங்கினா எங்கப்பாவ இனாமாவே கூட்டிகினு போலாம்க்கா, டீ மட்டும் நேரத்துக்குக் குடுத்தா போதும்!"

அதில் எங்குமே மூச்சு வாங்கவில்லை. நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப்பின் வாக்கியங்கள் நீண்டன. மாமியாரைத் திட்டினாள். வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசரைத் திட்டினாள். உப்பில்லாக் குழம்பு வைக்கும் தன் அம்மாவைத் திட்டினாள், டாக்டர்தான் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று தெரிந்தே. சில நாள் சோர்ந்து பாதியில் திரும்பினோம். மறுநாள் மெதுவாகக் கிளம்புவோம். பிறகு எங்கள் மொட்டைமாடிப் படியில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பழகினாள். மறுபடி எக்கோ எடுத்துப் பார்த்த டாக்டர், மாத்திரையை விடாதீர்கள், நடையையும் விடாதீர்கள், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவள் வீட்டுக்குப் போன அன்று மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். மகள் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். பின்னால் நான், ஸ்டூலோடு. முதல் மாடி தாண்டியதும் நின்றாள். ஸ்டூலைக் கீழே வைத்தேன்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவள் வீட்டு வராந்தாக் கம்பியில் ஒரு பெட்ஷீட் வெளுத்துப்போய்த் தொங்கியது.

"ஏங்க, நான் பிரசவத்துக்குப் போறப்ப காயப்போட்ட பெட்ஷீட்டு வெயில்லயும் மழையிலயும் இன்னும் அங்கயே தொங்குதே, அத எடுத்து மடிச்சு வெக்க ஒரு கை கூடவா இந்த வூட்ல இல்ல?"

மேலே போன மாப்பிள்ளையைக் கேட்ட அந்தக் குரலில் படிக்கட்டு முழுதும் அதிர்ந்தது. வாக்கியம் எங்கும் உடையவில்லை. நான் தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாப்பா, மூச்சு வாங்குதா? ஒரு வாக்கியம் முழுசா பேசு பாக்கலாம்."

மூச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சுதான் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அவள் ஸ்டூலை ஒரு கையில் எடுத்துக்கொண்டாள். மிச்சப் படிகளில் அவள் முன்னால் ஏற, வெறுங்கையோடு நான் பின்னால் போனேன். கதவை அடையும்வரை அந்தப் பெட்ஷீட்டைப் பற்றிய பேச்சு ஓயவேயில்லை.