படம் போடாத புத்தகம்

கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வெளியே புறப்பட்டாலும் அவருடைய பையை மற்றவர் கொட்டிப் பார்ப்பார். திருட்டுப் பயத்தால் அல்ல. சோதனைச் சாவடியில் நிற்கும் ஆமிக்காரனின் கண்ணுக்குப் பிடிக்காத எதுவும் உள்ளே கிடக்கக்கூடாது என்பதற்காக. தன் பையில் என்ன இருக்கிறது என்பது தனக்கு மறந்துபோகும், அடுத்தவர் கண்ணுக்குத்தான் படும். வடக்கிலிருந்து வந்த கடிதம், பழைய பற்றரி, வயர்த் துண்டு, கோடு கீறிய கடதாசி எல்லாம் கட்டிலுக்கு அடியில் தங்கிவிடும். தொண்ணூற்றெட்டில் கொழும்பில் இருந்த தமிழருக்கு இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். இராமர் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். வத்தளையில் ஒரு கார்மென்ட் கம்பனியின் கந்தோரில் கம்பியூட்டரில் கணக்கு அடித்துக்கொண்டிருந்தார். சண்முகலிங்கம் சாவகச்சேரிக்காரர். ரேடியோ திருத்தத் தெரிந்தவர், வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர். ஒரு வருடத்துக்கு முன்னர் அவர் பஸ்ஸில் ரேடியோ திருத்தும் புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தார். அதிலிருந்த வயர்ப் படங்களைப் பார்த்துவிட்டு ஆமிக்காரர்கள் அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். பல நாள் கழித்துத் திரும்பி வந்தவர், "விசாரிச்சவங்கள்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ரேடியோவைத் தொடவே இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இங்கே சூடுபட்டது ஒரு பூனை, அடுப்பங்கரையை விட்டு ஓடியது இரண்டு பூனை.

இராமருடைய வேலை நிரந்தரமில்லாதது. கந்தோரில் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்பியூட்டர்கள் எல்லாம் குழம்பும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம் அது. கம்பனியும் பயந்தது. கணக்கு அடிக்கிறவர்களில் ஒருவரைப் பரீட்சை வைத்துப் புரோகிராம் எழுதும் பகுதிக்கு எடுக்கப்போவதாக அறிவித்தது. அது நிரந்தர வேலை, கம்பனியின் அடையாள அட்டையோடு. அந்த அட்டை இருந்தால் வீட்டுக்காரர்கள் முகம் பார்த்து வாடகைக்குக் கொடுப்பார்கள். 'கொழும்பில் உனக்கென்ன வேலை' என்று, தமிழர் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் கேட்கும்போது நீட்டுவதற்கும் ஒன்று இருக்கும். தோட்டத்தில் இருந்த மனைவி மயிலம்மாவையும் மகளையும் அழைத்துவர வேறு வழி இருக்கவில்லை. தை மாதம் மகளைக் கொட்டாஞ்சேனையிலே முதலாம் வகுப்பில் சேர்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். மயிலம்மா அதைத் தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

புத்தகம் தேடி அவர் மருதானை நடைபாதைக்குப் போனார். பழைய புத்தகம் விற்கும் தாஸிமுக்கு அதில் எழுதியிருப்பது விளங்குமோ இல்லையோ, எது யாருக்கு உதவும் என்று தெரியும்.

"நானா, புரோகிராமிங் புஸ்தகம் ஒண்ணு வேணுங்க. வாத்தியார் இல்லாம நானே படிச்சு வெளங்கிக்கிற மாதிரி."

தாஸிம் அடுக்கின் நடுவிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை உருவினார். "இத எடுத்துப் போங்க. மொதல்ல எப்பிடி யோசிக்கிறதுண்டு சொல்லித் தருது, பொறகுதான் பாஷ. எல்லாம் படம் போட்டு வெளங்கப்படுத்தி ஈக்கிது."

இராமர் விரித்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் பெட்டி, சாய்ந்த சதுரம், அம்புக்குறி. தாஸிம் விரலால் தொட்டுக் காட்டினார். பெட்டி என்றால் செய்யவேண்டியது. சாய்ந்த சதுரம் என்றால் கேள்வி. ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். இரண்டு பக்கம் புரட்டுவதற்குள் இராமருக்குப் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்கப் போனவரைப்போல, கட்டினால் இதைத்தான் கட்டவேண்டும் என்று நினைத்தார். மூன்றாம் பக்கத்தில் அவருடைய கண் அவருடையதாக இல்லாமல் போயிற்று. ஆமிக்காரனின் கண்ணால் பார்த்தார். கட்டிடம், கட்டிடத்திலிருந்து பாதை, பாதை பிரியும் இடம், யாரோ வந்து யாரோ போகும் அம்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரிக்கலாம். சிரிக்கிறவர் அந்தப் புத்தகத்தோடு ஒரு தரம், வத்தளைக்குப் போகும் வழியில் ஆமி நிற்கும் களனிப் பாலத்தைத் தாண்டிவிட்டு வந்து சிரிக்கட்டும்.

"படமில்லாதது இருக்குங்களா?"

தாஸிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மத்த எல்லாரும் படம் ஈக்கிதாண்டு பாத்துத்தான் வாங்குறாங்க. ஒங்கட ஆக்கள்தான் படமில்லாததக் கேக்கிறாங்க." அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பெரிய புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு மெல்லிய கேள்வி பதில் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அதில் முழுக்க எழுத்து. ஒரு கோடுகூட இல்லை.

இராமர் அதைக் கரைத்துக் குடித்தார். பஸ்ஸில் படித்தார், சோறு வேகும்போது படித்தார். பாலத்தில் ஆமிக்காரன் ஒருவன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். தன் புத்திசாலித்தனத்தை மெச்சிக்கொண்டார் இராமர். பின்னேரங்களில் சண்முகலிங்கம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார். இவர் எழுத்துத் தப்பாமல் ஒப்பிப்பார். ஒருநாள் சண்முகலிங்கம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"இராமர், உது சும்மா பாடமாக்கிறதெல்லே. யோசிக்கிறது எப்பிடியெண்டு உதில எங்க இருக்கு? அந்தப் பெரிய புத்தகத்தை வாங்கி அறைக்குள்ளயே வச்சிருக்கலாமே."

"ஆமி வந்து அறையப் பாத்தா?"

சண்முகலிங்கம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவரிடம் போய் அதைக் கேட்டிருக்கக்கூடாது என்று இராமருக்கு உடனே உறைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரியாதவர் இல்லை இராமர். ஆனால் அடுப்பில் கைவைக்கப் பயந்தவனுக்கு ஏட்டுச் சுரைக்காயை விட்டால் வேறு கதி இல்லை.

பரீட்சைக்கு மூன்று பேர் இருந்தார்கள். தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு அம்மா வந்து வினாத்தாளைக் கொடுத்தார். முதல் பகுதி கம்பியூட்டர் பாஷை. இராமருடைய பேனா நிற்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த ருவன், தெமட்டகொடைச் சிங்களப் பையன், தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். இரண்டாம் பகுதியில் ஒரேயொரு கேள்வி. 'காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டு இந்த மேசைக்கு வந்து சேரும்வரை நீங்கள் செய்வதை, ஒன்றும் தெரியாத இயந்திரத்துக்குப் புரியும்படி படிப்படியாக வரைந்து காட்டவும்.'

வரையச் சொல்கிறார்கள் என்றதும் இராமர் பேனாவை மூடி வைத்தார். பிறகு மருதானையில் பார்த்த இரண்டு பக்கம் மனதில் வந்தது. பெட்டி என்றால் செய்வது, சாய்ந்த சதுரம் என்றால் கேள்வி. அட, இதுதானா என்று இருந்தது. பென்சிலை எடுத்தார். பொலிஸ் பதிவுத் துண்டு பையில் இருக்கிறதா? இல்லை என்றால் அறைக்குத் திரும்பு. பாலத்தில் பஸ்ஸை நிறுத்துகிறார்களா? ஆம் என்றால் இறங்கு. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்களா, ஒதுங்கி நிற்கச் சொல்கிறார்களா? சிங்களத்தில் கேட்டால் சிங்களத்தில் சொல். மிக நன்றாகவும் சொல்லாதே, எங்கே படித்தாய் என்று கேட்பான். பஸ் போய்விட்டதா? ஆம் என்றால் நட. சதுரத்திலிருந்து சதுரம் பிரிந்துகொண்டே போனது. இந்த மனிதர் வருடக்கணக்காகத் தினமும் காலையில் செய்துகொண்டிருந்தது இந்த யோசனையைத்தான். யாரும் அதற்குப் பெயர் சொல்லவில்லை. இராமருக்குச் சந்தோஷமாக இருந்தது. கம்பனி அட்டையும் மயிலம்மாவும் மகளும் இதோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

நினைத்துவிட்டுத் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

பாலம். பாலத்தில் ஆமி நிற்கும் இடம். எப்போது நிறுத்துவார்கள், எப்போது விடுவார்கள். யாரைப் பார்ப்பார்கள், யாரைப் பார்க்கமாட்டார்கள். தாண்டிப் போகும் வழி. மேலே அவருடைய முழுப் பெயரும் விலாசமும். அந்தத் தாள் தலைமைக் கந்தோருக்குப் போகும். ஏதோ ஒரு இராக்கைத் தட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். என்றைக்காவது ஒருவர் எடுத்துப் பார்ப்பார்.

அழித்தார். பென்சில் தடம்கூடத் தெரியாமல் போகும்வரை அழித்தார். பிறகு அதே தாளில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெட்டிகளை மட்டும் போட்டார். புறப்படு. பஸ்ஸில் ஏறு. வத்தளையில் இறங்கு. கந்தோருக்கு நட. மேசையில் உட்கார். ஒரு கேள்வியும் இல்லை.

அடுத்த கிழமை அந்த அம்மா அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷி, ஆளை மதித்து உட்காரச் சொல்லித்தான் பேசினார். பாஷைப் பகுதியில் நீங்கள்தான் முதல், ஆனால் புரோகிராம் எழுதுகிறவருக்கு எந்த இடத்தில் என்ன பிழைக்கும் என்று யோசிக்கத் தெரியவேண்டும், உங்களுடைய பாதையில் ஒரு தடைகூட இல்லையே என்றார். "நீங்கள் கொடுத்துவைத்தவர் போலிருக்கிறது" என்றும் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஆமாங்க மேடம்" என்றார் இராமர்.

வேலை ருவனுக்குப் போயிற்று. பின்னேர பஸ்ஸில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கெட்ட பையன் இல்லை, இராமரை அண்ணன் என்று அய்யே போட்டுத்தான் கூப்பிடுவான். வெட்கப்பட்டான். "அய்யே, எனக்குப் பாஷை பாதிதான் சரி. அந்தக் கடைசிக் கேள்விதான் காப்பாற்றியது" என்று சிங்களத்தில் சொன்னான். என்ன எழுதினாய் என்று இராமர் கேட்டார். மழை பெய்தால் குடை, பஸ் நிறைந்திருந்தால் அடுத்த பஸ் என்று எழுதினானாம். "செக்பொயின்டையும் போட்டேன் அய்யே. நிறுத்தினால் அட்டையைக் காட்டு, திரும்ப ஏறு. அதற்கு மேடம் தனியாகப் புள்ளி போட்டிருக்கிறார்."

அவன் மேல் இராமருக்குக் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது. பிறகு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. பாலத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ருவன் அட்டையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டான். இராமரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். கண்டக்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பஸ் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மயிலம்மா தோட்டத்துக் கடையில் வந்து போனுக்குக் காத்திருப்பாள். கொட்டாஞ்சேனை கொமியூனிகேஷன் கடையில், வரிசையில் ஆட்கள் பின்னால் நிற்க, இராமர் விஷயத்தைச் சொன்னார். தையில் வரமுடியாது, மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடச் சொன்னார். பரீட்சையைப் பற்றித்தான் அவள் முதலில் கேட்டாள்.

"அப்பிடி என்னாத்தத்தான் கேட்டாங்க?"

"தெனம் காலையில வேலைக்கு எப்பிடி வர்றேன்னு கேட்டாங்க."

"அதுகூடவா ஒங்களுக்குச் சொல்லத் தெரியல?"

இராமரிடம் பதில் இருந்தது. ஆனால் அது போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை.