ஆர்டனும் காற்றும்

துப்பாக்கிக் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் மான் தலையின் இடக்கண்ணுக்குக் குறிவைத்தபடியேதான் ஆர்டன் ஸ்கோக்லண்ட் பேசுவார். துப்பாக்கி தோளில் இருக்கும், கன்னம் கட்டையில் பதிந்திருக்கும். "இது போன வாரம் பார்த்ததைவிடக் கொஞ்சம் கனம் கம்மி இல்ல?"

"அதேதான் இது. அந்த மான் செத்து இருபது வருஷமாச்சு. இன்னும் எத்தனை தடவை அதைச் சுடுவே?" என்பார் கடைக்காரி லோர்னா. அவர் கடையில் நான் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி விற்கிறேன்.

கிழக்கு மொண்டானாவின் பண்ணை வீடுகளுக்கு கேஸ் நிரப்பும் லாரி ஆர்டனுடையது. தொட்டி நிரம்புவதற்குள் அந்த வீட்டுக்காரருக்கு ஏற்ற துப்பாக்கியைத் தேர்ந்து சொல்லிவிடுவார். கேட்காதவர்களுக்கும் சொல்வார். தனக்கென்று வரும்போது மட்டும் முடிவு வராது. இந்த வருடம் வாங்கியதை அடுத்த வருடம் விற்றுவிட்டு இன்னொன்று வாங்குவார். "என்னைக் கட்டிக்கலாமான்னு அரை நாள்ல முடிவு பண்ணின மனுஷன்" என்று அவர் மனைவி கார்லா எங்களிடம் சொல்வதுண்டு. அதில் பெருமை அதிகமா வருத்தம் அதிகமா என்று தெரியாது.

துப்பாக்கி மாறினாலும் தோட்டா மாறாது. அது முந்நூறு மேக்னம்தான், ஆள்காட்டி விரலைப் போலத் தடித்தது. எங்கள் பக்கம் மரம் கிடையாது, ஒளிந்து நெருங்க இடமும் கிடையாது. ஆகவே நானூறு கெஜத்தில் சுட வேண்டும், அதற்கு வேகம் வேண்டும் என்பது அவர் வாதம். எத்தனை கெஜத்துக்குக் குண்டு எத்தனை அங்குலம் தாழும் என்று மனப்பாடமாகச் சொல்வார். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார்: சுடும்போது அது தோளை எப்படி உதைக்கும் என்பதை. பத்து தோட்டா சுட்டுவிட்டு வந்தால் அந்த வாரம் முழுவதும் கேஸ் குழாயை இடக்கையால்தான் தூக்குவார்.

இப்போது பலரும் வாங்குவது ஆறரை என்கிற மெல்லிய தோட்டா. உதை குறைவு, தூரமும் போகும். ஆர்டனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "பல்லு குத்தலாம் அதை வச்சு. தாடி முளைக்காத பசங்களுக்குக் கொடும்மா" என்று என்னிடமே பெட்டியைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

போன நவம்பரில் ஒரு பெரிய ஆண் மானை அவர் வயிற்றில் சுட்டுவிட்டார். அது ஓடிவிட்டது. இருட்டும்வரை ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துப் பள்ளங்களில் இறங்கினார். மறுநாளும் போனார். கிடைக்கவில்லை. கடைக்கு வந்து, "காத்து தள்ளிடுச்சு" என்றார். எங்கள் ஊரில் காற்றின் மேல் எந்தப் பழியையும் போடலாம், அது தாங்கும். அதன்பின் காபி சிந்தினாலும் லாரி நின்றுபோனாலும் ஆர்டனைப் பார்த்து, "காத்துதானே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவரும் சிரிப்பார். ஆனால் இந்த வருடம் மான் தலைக்குக் குறிவைக்கும்போது கண்ணை விட்டுக் கீழே, நெஞ்சு இருந்திருக்க வேண்டிய வெற்றுச் சுவருக்கு இறங்கியிருந்தார். கார்லாவிடம், "இன்னொண்ணு அப்படி ஆச்சுன்னா துப்பாக்கியே வேண்டாம்" என்று சொன்னாராம்.

வேட்டை சீசனுக்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் மூவரும் ஊருக்கு வெளியே சரளைக் குழியில் துப்பாக்கிகளைச் சரிபார்க்கப் போனோம். காற்றைப் பார்க்கக் கம்பத்தில் கட்டிய ஆரஞ்சு ரிப்பன் அசையாமல் தொங்கியது.

"நீ சுடு, நான் தோட்டா போட்டுத் தர்றேன்" என்றார் லோர்னா.

முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது 'டிக்' என்றது. குண்டு இல்லை, புகை இல்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. வராத உதைக்குப் பயந்து ஆர்டனின் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. லோர்னா இடையில் ஒரு பொய்த்தோட்டாவைக் கலந்திருந்தார். பார்க்க மற்றவை போலவே இருக்கும், உள்ளே வெடிமருந்து இருக்காது.

"வணக்கம் போடுது பாரு உன் மேக்னம்" என்றார் லோர்னா.

ஆர்டன் கண்ணைத் திறந்து முதலில் ரிப்பனைத்தான் பார்த்தார்.

"அது ஆடலை, ஆர்டன்" என்றார் லோர்னா.

அவர் தோளைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கும் குனிஞ்சிருக்கும். நான்தான் காத்துன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

"ஊரே சொல்லிச்சு. நீ மட்டுமா?" லோர்னா தன் துப்பாக்கியை அவர் முன் வைத்தார். அது ஆறரை.

ஆர்டன் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என் லாரி போற வீட்டுல யார்கிட்டயும் நீ பேசறதில்லையே?"

"இல்லை" என்றேன்.

ஐந்து சுட்டார். தூரக்கண்ணாடியில் இலக்கு அட்டையைப் பார்த்தேன். ஐந்து துளைகளையும் ஒரு காபி டப்பா மூடியால் மறைத்துவிடலாம். லோர்னா காதுக் கவசத்தைக் கழற்றினார்.

"கழட்டாதே. இந்த அளவுல பொய்த்தோட்டா வச்சிருக்கியா?" என்றார் ஆர்டன்.

லோர்னா சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

ஆர்டன் துப்பாக்கியை அவரிடம் தள்ளினார். தொப்பியைக் கண்ணை மறைக்க இழுத்துவிட்டு, லோர்னா எதை எங்கே கலக்கிறார் என்று தெரியாதபடி எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.