ஃபீனிக்ஸ் பே கேன்டீனில் எங்கள் ஆல்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடற்கரைப் படங்கள் போட்ட அந்தமான் பதிவு இல்லை. ஸ்கூபா போகவில்லை, தீவு தீவாகச் சுற்றவில்லை, செல்லுலார் ஜெயில் வாசலை ஆட்டோவில் இரண்டு தடவை கடந்ததோடு சரி. போர்ட் பிளேரில் மூன்று நாள் இருந்தேன். ஊருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அங்கே நான் பேசிய ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை என்பதால் நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன். போன காரணம் ஒரு மியூசிக் ஆல்பம்.

நான் கிடார் வாசிப்பவன். என்னை உங்களுக்குத் தெரியாது, ஆனால் கேட்டிருப்பீர்கள். சினிமாப் பாட்டு, நகைக்கடை விளம்பரம், சீரியல் அழுகை என்று முப்பது வருடமாக ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கி, அடுத்தவர் மெட்டுக்கு வாசித்துவிட்டு வீட்டுக்கு வருகிற வேலை. எங்கள் ஆட்களுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. பர்மா பஜாரில் பொறுக்கிய ஸ்மூத் ஜாஸ், ஜாஸ் ஃபங்க், சோல் ஆல்பங்கள்தான் அது. எங்களைப் போலவே காலமெல்லாம் பின்னால் உட்கார்ந்து வாசித்த கிடார்காரர்கள், ஒரு நாள் துணிந்து தங்கள் பெயரிலேயே போட்ட ஆல்பங்கள். நாங்கள் அட்டையின் முன்பக்கத்தைப் பார்க்க மாட்டோம். பின்பக்கம் பொடி எழுத்தில் பேஸ் கிடார் யார், டிரம்ஸ் யார் என்று இருப்பதைத்தான் முதலில் படிப்போம்.

நாங்களும் துணிந்தோம். சுமார் இருபது வருடம் முன்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோ காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, நான்கு பேர் சேர்ந்து ஏழு டியூன் பதிவு செய்தோம். பாடகர் கிடையாது, வார்த்தை கிடையாது. டிரம்ஸ் தயாளன். தயா ரைடு சிம்பலை வாசித்தால், அதாவது வலது கைப்பக்கம் தொங்கும் அந்தப் பெரிய தட்டை, மழை விட்ட பிறகு தகரக் கூரை சொட்டுவது மாதிரி இருக்கும். சி.டி. கொஞ்சம்தான் போட்டோம். ஒன்றும் விற்கவில்லை என்று சொன்னால் கௌரவமாக இருக்காது, ஏதோ விற்றது. மிச்சமும் மூலப் பதிவான மாஸ்டரும் சென்னை வெள்ளத்தில் என் வீட்டுத் தரைத்தளத்தோடு போயின. பதிவு செய்த ஸ்டுடியோ இப்போது பல் ஆஸ்பத்திரி.

போன வருடம் தயாவுக்குக் காது போக ஆரம்பித்தது. இடது காது அநேகமாக இல்லை. வலதில் மெஷின் வைத்திருக்கிறான், அதுவும் மாதத்துக்கு மாதம் மங்குகிறது. சிணுங்கலான மேல் சத்தங்கள் முதலில் போகும், தடிமனான கீழ் சத்தங்கள் கடைசியில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குக்கர் விசில் அவனுக்கு எப்போதோ போய்விட்டது. "நம்ம ஆல்பத்த ஒரே ஒரு தடவ கேட்டுட்றன்டா, அப்புறம் மூடிக்கட்டும்" என்று ஒரு நாள் சொன்னான். நண்பர்கள், பழைய ரேடியோ ஆட்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன். எங்கேயும் ஒரு காப்பி கிடையாது.

அப்போதுதான் என்னிடம் கிடார் படிக்க வரும் ஒரு ஐ.டி. பெண் தன் ஹனிமூன் வீடியோவைக் காட்டினாள். போர்ட் பிளேரில் கப்பல் ஏறும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கணவர் டீ குடிக்கிறார். பின்னால் ஏதோ கேன்டீனில் பாட்டு ஓடுகிறது. சில நொடிதான். என் சொந்த கிடாரை எனக்குத் தெரியாதா? "எங்கம்மா இது?" என்று நான் கத்திய கத்தில் அந்தப் பெண் பயந்தேவிட்டாள். கேன்டீனுக்குப் போன் நம்பர் எதுவும் கிடைக்கவில்லை. பிப்ரவரி கடைசியில் டிக்கெட் போட்டேன், போக வர பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆனது. ஒரு மாதம் முன்னால் போட்டிருந்தால் குறைந்திருக்கும்.

சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம். இறங்கும்போதே முதுகு வலி. விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் ஒரு லாட்ஜ், நாள் வாடகை ஆயிரத்து நானூறு, ஏ.சி. சத்தத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஜெட்டிக்கு ஆட்டோவில் இருநூறு ரூபாய். ஓட்டியவர் கமுதிப் பக்கத்துக்காரர், பிறந்தது மட்டும் தீவில். "எந்தத் தீவுக்கு சார் போட் ஏறணும்?" என்றார். தீவுக்குப் போகவில்லை, ஜெட்டி கேன்டீனுக்குப் போகிறேன் என்றேன். "மெயின்லேண்ட்ல டீ கிடைக்கலயா சார்?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கேன்டீன் ஜெட்டி வாசலை ஒட்டி இருக்கிறது. கப்பலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பெங்காலி, தெலுங்கு, மலையாளம், தமிழ் எல்லாம் உண்டு, எல்லோருக்கும் நடுவில் ஹிந்தி. அலமாரி மேல் ஒரு பழைய ஸ்பீக்கர், அதில் எங்கள் மூன்றாவது டியூன். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், களைப்புதான் வந்தது. பிறகு எழுந்து கல்லாவில் இருந்த அம்மாவிடம் போய், இந்த மியூசிக் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

அவர் பெயர் கமலா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து வேலைக்குக் குடியேற்றப்பட்ட குடும்பம். கேன்டீனை எடுத்துப் பல வருடமாகிறது. நான் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"மாத்தச் சொல்லாதீங்கண்ணே. பெங்காலி பாட்டு போட்டா தெலுங்கு ஆளுக மூஞ்சத் தூக்குவாங்க. நம்ம பாட்டு போட்டா அந்தப் பக்கம் இருந்து பந்த் கரோ, நிறுத்தும்பாங்க. ஒரு தடவ கிளாஸே உடைஞ்சிச்சு தானே. இதுல பேச்சே இல்ல, அதனால யாருக்கும் சண்டை இல்ல, ஜக்டா இல்ல."

"மாத்த வேண்டாம்மா. இதுல கிடார் வாசிச்சது நான்."

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அச்சா? இதெல்லாம் ஆளுக வாசிக்கிறதா? நான் மிஷினுன்னுல்ல நெனச்சேன்!"

முப்பது வருட வாழ்க்கைக்கு இப்படி ஒரு பாராட்டு. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். காது கேட்காத நண்பன் கதையைச் சொன்னதும் ஸ்பீக்கரிலிருந்து மெமரி கார்டை அவரே பிடுங்கிக் கொடுத்தார். பாட்டு திடீரென்று நின்றதும் கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகவே இன்னொரு தடவை அந்தமான் போகலாம்.

அங்கேயே லேப்டாப்பில் போட்டு ஹெட்போனில் கேட்டதும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏழு டியூனும் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றையும் கசக்கிப் பிழிந்து வைத்திருந்தார்கள். ஃபைல் அளவு ஒரு போட்டோ அளவுகூட இல்லை. பேஸ் இருக்கிறது, என் கிடார் குடத்துக்குள்ளிருந்து கேட்கிறது, டிரம்ஸில் தொம் தொம் மட்டும் இருக்கிறது. சிம்பல் இல்லை. ரைடு சிம்பல் வரவேண்டிய இடத்தில் ஏதோ சளசளப்பு, அவ்வளவுதான். நான் யாருக்காக வந்தேனோ அவன் வாசித்ததுதான் காணோம். கார்டைப் போட்டுக் கொடுத்தது முருகேசன் என்பவர், முன்பு பஜாரில் மொபைல் கடை வைத்திருந்தார், இப்போது சிப்பிகாட்டில் நர்சரி என்றார் கமலா. அவரிடம் மூல சி.டி. இருக்கலாம்.

மறுநாள் காலை சிப்பிகாட். ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், அதே ஆட்டோக்காரர், போக வர காத்திருப்புச் சேர்த்து எழுநூறு. அரசு விவசாயப் பண்ணை தாண்டி, ஈர நிலமும் பாக்கு மரமுமாகப் போகிற சாலை நல்ல சாலை. ரசிக்கிற நிலையில் நான் இல்லை. முருகேசன் கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த சி.டி.யா? ஒரு ஷிப்புக்காரர் மெயின்லேண்ட்லேருந்து கொண்டுவந்தது சார். காப்பி எடுத்துட்டுக் குடுத்துட்டேன். அவரு ரிட்டயர் ஆயி எங்கயோ போயிட்டாரு."

ஏன் இப்படி அமுக்கினீர்கள் என்று கேட்டேன். கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன் தீவில் நெட் என்பது பேருக்குத்தான். பாட்டு வேண்டுமென்றால் கார்டு கொண்டுபோய்க் கடையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர் கொண்டுவருவதுதான் புதுச் சரக்கு. அதை அவர் விளக்கிவிட்டுச் சொன்னார்:

"கார்டு சின்னது சார். கஸ்டமருக்கு ஐநூறு பாட்டு வேணும். வாய்ப்பாட்டுன்னா வார்த்தை தெளிவா கேக்கணும், அதுக்கு ஜாகா விடணும். பேச்சே இல்லாத மியூசிக்குக்கு எதுக்கு சார் ஜாகா? அதான் அத மட்டும் நல்லா அமுக்கிட்டேன். இங்க எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

எனக்குத் தலைக்கேறியது. ஏழு டியூன், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எதுக்கு ஜாகாவாம்! கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. தவிர, அவர் அமுக்கியாவது வைத்திருக்கிறார், நான் அதையும் வைத்திருக்கவில்லை. அவர் ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம் மறுபடி கேன்டீன். கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஃபைலைத் தயாவுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தேன். ஆசையாகக் காத்திருப்பவனுக்கு அவனே இல்லாத ஆல்பத்தை எப்படி அனுப்புவது? "அனுப்பிவிடுங்கண்ணே, காது காத்திருக்காது தானே" என்றார் கமலா. அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் வீடியோ கால். தயாவின் மனைவி போனைப் பிடித்திருக்கிறார். தயா சாப்பாட்டு மேஜையில் பெரிய ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்து, வலது காதை அதோடு ஒட்டியிருக்கிறான். மூன்றாவது டியூன். பேஸ் வந்தது, தொம் தொம் வந்தது. அவன் கண்ணை மூடினான். வலது கை தானாக மேஜையைத் துழாவி ஒரு ஸ்பூனை எடுத்தது. எதிரில் இருந்த சில்வர் டம்ளரில் தட்ட ஆரம்பித்தான்.

டிங், டிங்கடி டிங்.

ஒரு தட்டு பிசகவில்லை. கார்டில் எங்கெல்லாம் சளசளப்போ, அங்கெல்லாம் ஸ்பூன் விழுந்தது. என் கிடார் ஏறும் இடத்தில் அவனும் ஏறினான், அன்றைக்கு ஸ்டுடியோவில் செய்த மாதிரியே கடைசியில் ஒரு தட்டு தாமதித்து இறங்கினான். கேன்டீன் இரைச்சலுக்கு நடுவே, ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இருபது வருடத்துக்குப் பிறகு எங்கள் டியூனை நான் முழுசாகக் கேட்டேன். கமலா என்ன ஆச்சு என்று ஓடிவந்தார். அவ்வளவு மோசமாக அழுதிருக்கிறேன்.

டியூன் முடிந்ததும் தயா கண்ணைத் திறந்தான். "எல்லாம் அப்படியே இருக்குதுடா! ரைடு மட்டும் கொஞ்சம் ஓவரா வாசிச்சிட்டேன், இல்ல?" என்றான்.

"ஆமாடா, கொஞ்சம் ஓவர்தான்" என்றேன். ஸ்பூன் சத்தம் அவனுக்குக் கேட்கவே இல்லை. அது கையில் இருப்பதுகூட அவனுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. கார்டு எதை விட்டதோ, அவன் காதும் அதைத்தான் விட்டிருக்கிறது. மிச்சத்தை அவன் ஞாபகம் வாசித்துக்கொள்கிறது.

போகப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சூரியன் ஐந்தரைக்கெல்லாம் விழுந்துவிடும், வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். தீவுகளுக்குப் போகும் அரசுக் கப்பல் டிக்கெட்டுக்கு அடையாள அட்டையும் பொறுமையும் வேண்டும். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் போனில் பணம் போகாது. ஹிந்தி தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், நாலு பேரிடம் கேட்டால் ஒருவர் தமிழில் பதில் சொல்வார். சிப்பிகாட் போனால் மிளகு வாங்குங்கள், நல்ல காரம்.

ஃபீனிக்ஸ் பேயில் கப்பலுக்குக் காத்திருக்கும்போது கேன்டீனில் பேச்சில்லாத ஒரு மியூசிக் ஓடினால், அது மிஷின் இல்லை, ஆட்கள் வாசித்தது. டிரம்ஸ்காரர் பெயர் தயாளன். சிம்பல் கேட்காது. கமலாம்மா டீயைக் கண்ணாடி கிளாஸில்தான் தருவார், ஸ்பூன் கேட்டால் கொடுப்பார். லேசாகத் தட்டிப் பாருங்கள், அங்கே யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.