அளவெடுத்துத் தைத்த விளம்பரம்

ஐன் தர்ஃபா வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் ஹல்லூமா எதையும் சும்மா நம்பிவிடமாட்டாள். இது ஊரறிந்த விஷயம். ரொட்டி வாங்கினால் கையில் தூக்கி எடை பார்ப்பாள். எதிரே வந்தவர் சிரித்துக்கொண்டே ஸலாம் சொன்னால், பதில் சொல்லிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய், இவர் எதற்கு இன்றைக்குச் சிரித்தார் என்று யோசிப்பாள். முப்பது வயதுக்குள் அவளுக்கு மூன்று வரன்கள் வந்தன. மூவரையும் விசாரித்தாள். ஒருவனுக்கு லிபியாவில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது தெரியவந்தது. மற்ற இருவரிடம் ஒரு குறையும் அகப்படவில்லை. குறையே அகப்படவில்லை என்றால் எதையோ நன்றாக ஒளித்திருக்கிறார்கள் என்று அவர்களையும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வீட்டுக்கு ஆகாத இந்தக் குணம் வேலைக்கு அற்புதமாக ஆயிற்று. உப்புப் பாலையின் ஓரத்தில், சுற்றுச்சுவருக்குள் நிற்கும் வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து, வெப்பமானிகளைப் படித்து, மூன்று மணிக்கொரு முறை ஏட்டில் எழுத வேண்டும். தூசிக் காற்று அடித்தால் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் இவ்வளவு, மசூதிக் கோபுரம் தெரிந்தால் இவ்வளவு, செங்கல் சூளையின் புகைபோக்கியும் தெரிந்தால் இவ்வளவு என்று கணக்கு. மற்றவர்கள் ஜன்னல் வழியாகவே பார்த்து எழுதிவிடுவார்கள். ஹல்லூமா மாடிக்கு ஏறிப் பார்ப்பாள், கண்ணைக் கசக்கிவிட்டு இன்னொரு தடவை பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் எழுதுவாள். எழுதிய வரியின் ஓரத்தில் தன் கையெழுத்தைப் போடுவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்து, தானாகவே அளந்து தானாகவே அனுப்பும் ஒரு கருவியை நட்டுவிட்டுப் போனார்கள். மே மாதம் ஒரு மதியம் அது ஐம்பத்தொரு டிகிரி என்று சொன்னது. தலைநகரத்தில் ஒரே பரபரப்பு. ஹல்லூமா மட்டும் நம்பவில்லை. அவளுடைய மரப்பெட்டியில் நாற்பத்தாறுதான். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கருவிக்குள் காற்றை இழுக்கும் சின்ன விசிறியைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினாள். நிலைய அதிகாரி ஸி லஜ்மி முத்திரை வைத்து அனுப்பினார். "ஐன் தர்ஃபா நிலையத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அதில் ஹல்லூமா என்ற பேர் இல்லை. அதை அவள் மறக்கவில்லை.

அவள் வேலை தற்காலிகம். பதினாறு வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு தாள் வரும். வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிரந்தர வேலைக்கு நாற்பது வயதுதான் வரம்பு. எப்போதாவது அபூர்வமாக நாற்பத்தைந்து வரை விடுவார்கள். வருகிற நவம்பரில் அவளுக்கு நாற்பத்தைந்து முடிகிறது.

அப்படி இருக்கும்போதுதான் செப்டம்பரில் அந்த விளம்பரம் வந்தது. தலைநகரத்தில் பாலைத் தூசியையும் தட்பவெப்ப மாற்றத்தையும் ஆராய ஒரு புதுப் பிரிவு திறக்கிறார்கள். அதற்குத் தென்பகுதியில் ஒரு கள ஆய்வு உதவியாளர் தேவை. ஒரே ஓர் இடம். நிரந்தரம்.

எங்கள் ஊரில் அரசாங்க வேலை விளம்பரம் ஒட்டினால், என்ன படித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. "இது யாரோட அளவு?" என்றுதான் கேட்பார்கள். ஒரு முறை நூலகத்துக்கு ஆள் எடுத்தபோது இத்தாலிய மொழியும் லாரி ஓட்டும் உரிமமும் கேட்டிருந்தார்கள். விளம்பரம் ஒட்டிய பசை காய்வதற்குள் காபிக்கடையில் பேரைச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆள்தான் நூலகத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். இப்படிப் படித்துப் படித்து, நிபந்தனைகளைப் பார்த்த மாத்திரத்தில் ஆளின் உயரத்தையும் மாமனாரின் பேரையும் சொல்லக்கூடியவர்கள் இங்கே தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

ஹல்லூமா விளம்பரத்தைத் தபால் நிலையச் சுவரில் நின்று மூன்று தடவை படித்தாள். உப்புப் பாலை ஓரத்து நிலையத்தில் பத்து வருடத்துக்குக் குறையாத அனுபவம், அல்லது வானிலைப் பட்டத்தோடு அங்கே பயிற்சி. பழைய ஏடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். மழைமானிகளைப் பார்த்துவர இருசக்கர வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். தானியங்கி நிலையத்தில் பிழையைக் கண்டுபிடித்து எழுத்தில் தெரிவித்தவருக்கு முன்னுரிமை. வயது நாற்பத்தைந்துக்கு மேற்படக் கூடாது.

பிழையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவளுக்கு உடம்பு சூடானது. யார் அந்த ஆள் என்று பொறி தட்டிவிட்டது. ஸி லஜ்மியின் அக்கா மகன் லுத்ஃபி. கடற்கரை விமான நிலையத்தில் வானிலைப் பிரிவில் இருக்கிறான். பட்டம் வாங்கியவன். பயிற்சிக்கு ஐன் தர்ஃபாவில் ஆறு மாதம் இருந்தவன். ரமலானுக்குப் பிறகு புது மோட்டார் சைக்கிள் வாங்கியவன். போன மாதம் கைரவான் மக்ரூத் இனிப்பு ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டு வந்து, மாமாவின் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தான். அவன் போன மறுநாளே ஸி லஜ்மி வந்து, "ஹல்லூமா, அந்தக் குளவிக் கடிதத்தோட நகல் உன்கிட்ட இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். இருந்தது; கொடுத்தாள். நன்றிக் கடிதத்தில்தான் அவள் பேரே இல்லையே, கண்டுபிடித்தவன் லுத்ஃபி என்று எழுதிக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கொடுத்த கையை இப்போது வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அவள் தங்கை ஸல்ஹா வீட்டில் மண்ணடுப்பில் தபூனா ரொட்டி சுட்டு விற்பவள். அடுப்பில் கையை விட்டு மாவை ஒட்டிக்கொண்டே, அக்கா சொல்லச் சொல்ல விளம்பரத்தைக் கேட்டாள்.

"அக்கா, இது உன் அளவு மாதிரியே இருக்கே?"

"அதுதான் பொறி."

"என்ன பொறி? பத்து வருஷம் உனக்கு இருக்கு. ஏடு படிக்கத் தெரியும். அந்த ஓட்டை மொபெட்டுல ஊரெல்லாம் சுத்துற. குளவியைக் கண்டுபிடிச்சது நீ."

"போட்டின்னா குறைஞ்சது மூணு பேர் வேணும்டி. இல்லேன்னா செல்லாது. சும்மா எண்ணிக்கைக்கு ஒரு முட்டாள் வேணும். நான் கிடைச்சேன்."

"வயசை நாப்பத்தஞ்சுன்னு வெச்சிருக்காங்களே? லுத்ஃபிக்கு முப்பத்தொண்ணு. அவனுக்கு எதுக்கு நாப்பத்தஞ்சு?"

"அவனுக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான். முப்பத்தஞ்சுன்னு போட்டா காபிக்கடையில கண்டுபிடிச்சிருவாங்கல்ல? லஜ்மி லேசுப்பட்ட ஆளில்லை."

ஸல்ஹா ரொட்டியை எடுத்துத் துணியில் போட்டாள். "உனக்கு சொர்க்கத்துல இடம் கொடுத்தாலும், பக்கத்து வீட்டுல யாருன்னு விசாரிச்சிட்டுத்தான் உள்ளே போவ."

"கண்டிப்பா விசாரிப்பேன்" என்றாள் ஹல்லூமா.

அடுத்த இரண்டு வாரமும் அவள் ஸி லஜ்மியைக் கண்காணித்தாள். அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பேரீச்ச மரத்தடிக்குப் போனால், இவள் மழைமானியைத் துடைக்கும் சாக்கில் அந்தப் பக்கம் போவாள். ஒரு நாள் "அளவு சரியா இருக்கு, கவலைப்படாதே" என்று அவர் சொல்வது காதில் விழுந்தது. இன்னொரு நாள் அவர் தானே வந்து, பார்வையை எங்கேயோ வைத்துக்கொண்டு, "தபால் ஆபீசுல ஏதோ ஒட்டியிருக்காங்களாமே, பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்."

"போடலாமே."

"பார்க்கலாம், ஸி லஜ்மி."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமல் போனார். எண்ணிக்கைக்கு ஆள் குறைகிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். விண்ணப்பத்தாள் அவள் மேஜை இழுப்பறையில் வெள்ளையாகவே கிடந்தது.

கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால், விண்ணப்பத்துக்குப் பதிலாக அவள் ஒரு புகார் எழுதினாள். குளவிக் கடிதம் எழுதிய அதே கவனத்தோடு எழுதினாள். விளம்பரத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் எடுத்து, இது திறந்த போட்டி இல்லை, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஓர் ஆளின் மேல் அளவெடுத்துத் தைத்தது என்று வரிசையாக நிறுவினாள். லுத்ஃபியின் பேரை எழுதவில்லை; நிரூபிக்க முடியாததை அவள் எழுதுவதில்லை. மொட்டைக் கடிதமாக அனுப்பச் சொன்னாள் ஸல்ஹா. கையெழுத்தில்லாமல் அவள் வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, செவ்வாய்ச் சந்தையில் மிளகாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அக்டோபர் கடைசியில் ஸி லஜ்மியைத் தலைநகரத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் கழித்து, முகம் கறுத்துத் திரும்பி வந்தார். வந்ததும் ஹல்லூமாவைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தவில்லை. தானே தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பையிலிருந்து ஒரு நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். கீழே அவள் கையெழுத்து.

வேலை போயிற்று என்று அவள் நினைத்தாள். போனால் போகட்டும், தலை நிமிர்ந்து போவோம் என்று உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா எழுதியிருக்க" என்றார் அவர். "அமைச்சகத்துல என்னை விசாரிச்ச அம்மா சொன்னாங்க, இவ்வளவு தெளிவா ஒரு புகாரைப் பார்த்ததே இல்லைன்னு. ஒரு வார்த்தையும் தப்பில்லை. அளவெடுத்துத் தைச்சதுதான். போட்டியை ரத்து பண்ணிட்டாங்க."

"ஏமாத்துறதுக்கு ஒரு அளவு வேணாமா, ஸி லஜ்மி? என் கடிதத்தை எடுத்து உங்க மருமகனுக்கு..."

"லுத்ஃபிக்கா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்தபோது நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். "அவனுக்கு அங்கே நிரந்தர வேலை இருக்கு, ஹல்லூமா. இந்தப் பாலைவனத்துக்கு எதுக்கு வர்றான்? எனக்குக் கணினியில தட்டத் தெரியாது. இந்த விளம்பரத்தை அவன்தான் உட்கார்ந்து தட்டிக் கொடுத்தான். அந்தப் பட்டம், பயிற்சின்னு ஒரு வரி இருக்கே, அதுவும் அவன் சேர்த்ததுதான். ஒரே ஆளுக்குன்னு தெரியக் கூடாதாம்."

அவள் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"புதுப் பிரிவோட தலைவர் என் கூடப் படிச்சவர். ஒரு ஆள் சொல்லுன்னார். குளவிக் கடிதத்தைப் பத்திச் சொன்னேன். இந்த ஆளுக்காக விளம்பரத்தை எழுது, நான் ஒட்டுறேன், கடிதத்தோட நகலையும் அனுப்புன்னார். நாப்பதுன்னு இருந்த வயசை நாப்பத்தஞ்சாக்க நாலு தடவை தலைநகரம் போய் வந்தேன். நவம்பர்ல உனக்குப் பிறந்த நாள். எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா உன் ஒப்பந்தத் தாளை நிரப்புறவன் நான்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஹல்லூமா மேஜைமேல் கிடந்த நகலை எடுத்தாள். ஒவ்வொரு நிபந்தனையாக விரலை வைத்துப் படித்தாள். பத்து வருடம். பழைய ஏடு. இருசக்கர வண்டி. குளவி. நாற்பத்தைந்து. எதிலும் பிசகில்லை, அவள் சந்தேகப்பட்டது அத்தனையும் சரி, ஆள் மட்டும்தான் வேறு.  நகலை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"உங்களை என்ன பண்ணினாங்க?"

"கண்டிச்சு எழுதிக் கொடுத்தாங்க. கோப்புல இருக்கும். ரெண்டு வருஷத்துல ஓய்வு, விடு."

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"முன்னாடியே சொன்னா அது குத்தம். ஆனா அதுக்காக இல்லை." ஸி லஜ்மி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் யோசித்தாள். மாடிக்கு ஏறிப் பார்க்காமல் எதையும் எழுதாதவள், இதற்கும் அவசரப்படாமல்தான் பதில் சொன்னாள்.

"இல்லை. இதுக்கு என்கிட்டருந்து உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருப்பேன்."

"அதான்" என்றார் அவர்.

அவள் எழுந்தாள்.  கதவருகே போய் நின்று, "திரும்ப விளம்பரம் வருமா?" என்று கேட்டாள்.

"ஜனவரியில. நாப்பது வயசு, பட்டம் கட்டாயம்."

"அது யாரோட அளவு?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

ஸி லஜ்மி சிரிக்கவில்லை. "யாரோட அளவும் இல்லை. உன் கடிதத்தைப் படிச்சதுக்கு அப்புறம் பயந்துட்டாங்க. நிபந்தனையெல்லாம் எடுத்துட்டாங்க. நாப்பதுக்குள்ள, பட்டம் இருக்கிற யார் வேணும்னாலும் போடலாம். எனக்குத் தெரிஞ்சு இந்த நாட்டுல நிஜமாவே திறந்த போட்டி இது ஒண்ணுதான்."

ஹல்லூமா நடைவழியில் வந்து, சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள்.