சயான் கேட்டில் இறங்கும் கனகவள்ளி

மும்பையில் தாராவிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே இருக்கிறீர்கள் என்று வெளியாள் கேட்டால், வாய் தானாக "சயான்" என்று சொல்லிவிடும். கொஞ்சம் மனசாட்சி உள்ளவர்கள் "சயான் வெஸ்ட்" என்பார்கள். வரிசையாக ஒட்டு வீடுகள் உள்ள எங்கள் சாலில் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் சயான், மேற்கே இந்தப் பக்கம் நாங்கள். நடுவில் ஒரு பாலம்தானே என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொள்வோம். யாருக்கும் இதனால் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

என் அடுத்த வீட்டுக் கனகவள்ளிக்கு மட்டும் அந்தப் பொய் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் செம்பூரில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் கணக்கு பார்க்கிறாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலையில் ஒரு பிசகு வராது, ஆனால் யாராவது பாராட்டினால், திருடிப் பிடிபட்டவள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வாள். அவளுக்கு மேலே இருப்பவர் ராஜலக்ஷ்மி. மாட்டுங்காவில் வெகுகாலமாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம், சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு வருபவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வீடு எங்கே என்று கேட்க, இவள் வழக்கம்போல சயான் என்றாள். "என் வழியிலதானே இருக்கே. ஏறிக்கோ" என்று சொல்லிவிட்டார் அவர்.

அன்றைக்குச் சயானில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் கேட்டைக் காட்டி இறங்கினாள். ராஜலக்ஷ்மி நல்ல மனுஷி, இவள் உள்ளே போகும்வரை வண்டியை எடுக்கமாட்டார். அதனால் தினமும் இவள் உள்ளே போய் லிஃப்ட் பக்கம் நிற்பாள். கார் போனதும் வெளியே வந்து, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி, வீடு வரை நடப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் இந்தக் கூத்து நடந்தது. அந்தக் கேட்டின் வாட்ச்மேன் இவளை டியூஷன் டீச்சர் என்று நினைத்து வணக்கம் வைப்பானாம்.

"ஏட்டி, உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?" என்று குழாயடியில் கேட்டேன்.

"எப்படி மதினி சொல்லுவேன்? காலேஜ்ல ஒருத்தி, நான் தாராவின்னு தெரிஞ்ச அன்னைக்கே டிபன் டப்பாவத் தூக்கிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போயிட்டா. ராஜிக்காவும் அப்படிப் போயிட்டா என்ன செய்ய? ஆபீஸ்ல எனக்குன்னு இருக்கது அவங்க ஒருத்தங்கதான்."

அதுதான் அவளுடைய பயம். காரில் வரும் அந்த அரைமணி நேரம் அவளுக்கு அவ்வளவு பெரியது. பிள்ளைகள் கதை, மாமியார் கதை, மானேஜரைப் பற்றிய வம்பு எல்லாம் அதில்தான் நடக்கும். அதை இழக்க அவளுக்கு மனமில்லை.

வயிற்றுவலி வந்தது இதற்கு நடுவில்தான். புளியை விட்டாள், மிளகாயை விட்டாள். அவள் வீட்டுக்காரர் இசக்கிராஜ், "கார்ல போற மகாராணிக்கு எங்க வீட்டுக் கொழம்பு சேருமா?" என்று கேலி செய்துகொண்டே ஜஹாங்கீர் டாக்டரிடம் கூட்டிப்போனார். எங்கள் தெருமுனையில் சின்ன கிளினிக் வைத்திருப்பவர். பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் டாக்டர் ஹிந்தியில் ஒன்று சொன்னார். என்ன சாப்பிட்டீர்கள் என்று பார்த்தது போதும், வலி தொடங்கும்போது எங்கே, யாரோடு இருந்தீர்கள், மனதில் என்ன ஓடியது என்று கவனித்துவிட்டு வாருங்கள் என்றார்.

மாத்திரை கொடுக்காத டாக்டரை எங்கள் சாலில் யாரும் மதிப்பதில்லை. எனக்கே கோபம் வந்தது. ஆனால் கனகவள்ளி கணக்கு பார்க்கிறவள் இல்லையா, அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கவனிக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காரமாகக் கறிக்குழம்பு சாப்பிட்டால் வலி இல்லை. ஆபீசில் மானேஜர் கத்தினாலும் இல்லை. கார் சயான் சிக்னலை நெருங்கும்போதுதான் வருகிறது. அதற்கு முன்பே செருப்புக்குள் கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. பல் பல்லோடு இறுகுகிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. இதெல்லாம் நடக்கும்போது மனதுக்குள் ஒரு குரல், "நீ இதுல உக்காரத் தகுந்தவளா?" என்று கேட்கிறது. இத்தனை வருஷமாக அது தன் சொந்தக் குரல் என்றே நினைத்திருந்தாளாம். கூர்ந்து கேட்டபோதுதான், டிபன் டப்பாவோடு எழுந்துபோன அந்தப் பெண் அன்றைக்குப் பார்த்த பார்வைதான் இப்படிப் பேசுகிறது என்று புரிந்தது.

"அத விரட்டுனா போவ மாட்டேங்கு மதினி" என்றாள் என்னிடம். "கூப்பிடாம வீட்டுக்கு வாரவங்கள என்ன செய்வோம்? உக்காருங்கன்னு சொல்லிட்டு நம்ம சோலியப் பாப்போம்லா? அப்படித்தான் செய்யுதேன். வந்துட்டியா, உக்காருன்னு சொல்லுதேன். கால்விரல நீட்டிவிடுதேன், மூச்ச விடுதேன். செத்த நேரத்துல அது கெளம்பிருது."

நான் சிரித்தேன். ஆனால் அவள் முகம் தெளிந்துகொண்டு வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் ஆபீசில் வரிக்கணக்கை முடித்ததற்காகப் பாராட்டினார்களாம். தலையைக் குனியாமல் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதை ஒரு சேதியாக எனக்குச் சொன்னாள்.

நவராத்திரி வந்தது. ராஜலக்ஷ்மி வீட்டில் கொலு உண்டு. அவர்கள் வழக்கத்தில் கொலுவுக்கு வாயால் கூப்பிட்டால் போதாது, வீட்டுக்கே வந்து குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். அன்று மாலை சயான் கேட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு அவரும் இறங்கினார்.

"உங்காத்துக்கு வந்து அழைக்கப் போறேனாக்கும். எந்த மாடி?"

கனகவள்ளிக்குத் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. "நான் தூரம்" என்று மாதவிலக்கைச் சாக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும், குங்குமம் கொண்டுவந்த எந்த மாமியும் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கமாட்டார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்ததாம். அப்போது தன் கால்விரல்கள் மடங்கியிருப்பதைப் பார்த்தாள். மூச்சை விட்டாள்.

"அக்கா, இது என் வீடு இல்ல. நான் தாராவி. ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு இங்க எறங்கிட்டு இருந்தேன்."

ராஜலக்ஷ்மி அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். "அப்போ இத்தனை நாளா நான் யார் ஆத்து வாசல்ல காத்துண்டிருந்தேன்?"

"எனக்கும் தெரியாதுக்கா."

அவர் சிமிழைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டார். அடுத்த நாள் காரில் ஏறக் கூப்பிடவில்லை, அதற்கடுத்த நாளும் கூப்பிடவில்லை. ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்தே பேசினார். கனகவள்ளி குர்லாவில் வண்டி மாறி, கூட்டத்தில் நசுங்கி வீடு வந்து சேர்ந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுங்கா மாமியை இங்கிருந்தபடியே நான்கு கேள்வி கேட்டுவிட்டு, "வயிறு வலிக்குதாட்டி?" என்றேன்.

"வலிக்கல மதினி. அழுகைதான் வருது" என்றாள். "பயம்னா எனக்கு வயித்துல வரும். இது நெஞ்சுல இருக்கு. இது வருத்தம். பிரியமான ஆளு பேசலன்னா வருத்தம் இருக்கத்தானே செய்யும்? அதுக்காக நான் கொறஞ்சு போயிரல."

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க நான் கொடுத்துவைத்திருந்தேன். இசக்கிராஜ் அன்று கேலி பேசவில்லை. தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

நவராத்திரி பாதி போயிருக்கும். ஒரு மாலை ராஜலக்ஷ்மி அவள் மேஜைக்கு வந்து, "கெளம்பு" என்றார். சயானில் அதே கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். "நீ தினம் எப்படிப் போவியோ அப்படியே போ. நான் பின்னால வரேன்."

இருவரும் நடந்தார்கள். ஸ்டேஷன் படியேறும்போது ராஜலக்ஷ்மிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பாலத்தில் ஆபீஸ் விட்டு வரும் கூட்டம் இடித்துத் தள்ளியது. அன்றைக்குப் பெய்த மழையில் படியெல்லாம் சேறு. நடுப்பாலத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றுவிட்டார்.

"ஜூலை மாச மழையிலயும் இப்படித்தான் நடந்தியா?"

"ஆமாக்கா."

"நான் ஏசி போட்டுண்டு ஆத்துக்குப் போயிண்டிருந்தேன். நன்னா இருக்கேடி நம்ம சிநேகிதம்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்க்காக வந்த கோபம் அங்கேயே தீர்ந்துவிட்டது என்று கனகவள்ளி சொன்னாள்.

எங்கள் சாலின் செங்குத்தான இரும்பு ஏணியில் அவர் ஏறி வந்தபோது நான்தான் கைகொடுத்தேன். கனகவள்ளிக்குக் குங்குமம் இட்டு, எனக்கும் இட்டு, முறையாகக் கொலுவுக்கு அழைத்தார். அவர்மேல் வந்த பிரியத்தில், முன்பு நான் கேட்ட அந்த நான்கு கேள்வியையும் மனதுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன். வலித்து வலித்து இவளை இங்கே கொண்டுவந்து சேர்த்த அந்த வயிற்றுக்கும், மாத்திரை எழுதித் தராத டாக்டருக்கும் நன்றி சொல்லத் தோன்றியது.

அப்போது ராஜலக்ஷ்மியின் போன் அடித்தது. அவர் கணவர் பஞ்சு. எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. காபி ஆற்றிக்கொண்டிருந்த கனகவள்ளியின் கை நின்றது.

"தாராவியில இருக்கேன்" என்றார் ராஜலக்ஷ்மி, சால் முழுக்கக் கேட்கும்படி. "என் சிநேகிதி ஆத்துல. காபி குடிச்சிட்டுத்தான் வருவேன்."