எலும்புப் பையும் கெமிஸ்ட்ரி மாஸ்டரும்

கெமிஸ்ட்ரி மாஸ்டர் காலமாகிவிட்டார். இன்று காலை குகன் ஃபோன் பண்ணிச் சொன்னான்.

குரூப்பில் எல்லாரும் அஞ்சலிக்கு விளக்குப் படம் போட்டிருக்கிறீர்கள். ஸ்டாஃப் ரூமில் பல வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான்... என்னால் போட முடியவில்லை.

நன்றாகப் படிப்பித்தார், மறுக்கவில்லை. அவரிடம் படித்துத்தான் எங்கள் பிள்ளைகள் மெடிசினுக்குப் போனார்கள். போன பிறகும் அவர் அவர்களை விடவில்லை, அதுதான் என் கோபம்.

"கோட்டா டொக்டர் வாறார், எழும்பி நில்லுங்கோ."

மாவட்டக் கோட்டாவில், குறைந்த மார்க்ஸுக்கு இடம் கிடைத்த பிள்ளைகள் லீவில் வந்தால், வகுப்புக்கு முன்னால் இதுதான் வரவேற்பு.

குகன் சாம்பல்தீவுப் பிள்ளை. யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மெடிசின் படித்தவன். தரைப்பாதை பூட்டியிருந்ததால் முதல் லீவுக்குக் கப்பலில் வந்து எங்கள் துறைமுகத்தில் இறங்கினான்.

பையில் அனாட்டமி படிக்க மனித எலும்புகள், சீனியர் ஒருவரிடம் இரவல் வாங்கியவை. நேவிச் சோதனையில் பையைத் திறந்தவர்கள், யாருடைய எலும்பு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம்.

பின்னேரம் அவனை விட்டார்கள். எலும்புகளை விடவில்லை.

லீவு முடிந்து போய்ப் பரீட்சை எழுதினான். அனாட்டமி ஃபெயில்... திரும்பி வந்துவிட்டான். ரிப்பீட் எழுத இன்னும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது.

"ஏலாது சேர். எனக்கு மூளை காணாது."

"விதைச்சது வெள்ளத்தில போச்செண்டு உம்மட அப்பா வயலை வித்துப்போட்டா வந்தவர்?" என்று கேட்டேன். இப்படி எத்தனையோ உதாரணம் சொன்னேன். கடைசியில் சிரித்தான். கப்பலுக்குப் பதிந்தான்.

பிறகு நான் ஒரு பிழை விட்டேன். பயணம் போகமுன் படிப்பித்தவர்களிடம் சொல்லிக்கொண்டு போவது எங்கள் வழக்கம்தானே...

"மாஸ்டரிட்டயும் ஒருக்கா சொல்லிப்போட்டுப் போம்" என்றேன்.

போயிருக்கிறான். மாஸ்டர் கேட்டாராம்:

"ஏன் தம்பி எலும்பைச் சாட்டுறீர்? அது இருந்திருந்தா மட்டும் கிழிச்சிருப்பீரோ? கோட்டாவுக்கு அவ்வளவுதான்."

கப்பல் போனது. குகன் போகவில்லை.

இப்போது டவுனில் ஒரு ஃபார்மசியில் நிற்கிறான். தலை நரைத்துவிட்டது. மாஸ்டரின் பிரஷர் குளிசைகளைக் கடைசிவரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவன்தான்.

காலையில் கேட்டேன், "உமக்கு அந்தாளில கோபமே இல்லையா?"

"என்ன கோபம் சேர்... அவர் சொன்னது சரிதானே."

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

செத்த வீட்டுக்கு நான் வரவில்லை. கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

போங்கள் மாஸ்டர். போகிற போக்கில் 'கோட்டாவுக்கு அவ்வளவுதான்' என்ற அந்தக் கதையையும் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.