சத்யப்ரியா தேடிய இரண்டு பூஜ்ஜியங்கள்

சத்யப்ரியாவுக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரும் தனக்கோடியின் மகள் அவள். திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டே, முனைவர் பட்டத்துக்காக எல்-சார்புகளின் பூஜ்ஜியங்களைத் தேடினாள்.

பகா எண்களின் போக்கைச் சொல்லும் சார்புகள் அவை. அவற்றின் மதிப்பு பூஜ்ஜியமாகிவிடும் இடங்களுக்குத்தான் பூஜ்ஜியங்கள் என்று பெயர். அவற்றில் முக்கியமானவை எல்லாம் ஒரே நேர்கோட்டில்தான் நிற்கும் என்று உலகமே நம்புகிறது. நிரூபித்தவர் யாருமில்லை.

உப்பு படியும் பாத்திக்குள் யாரும் காலை வைக்க மாட்டார்கள், சேறு கலங்கிவிடும். வரப்பைச் சுற்றி வந்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். பூஜ்ஜியங்களுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. ஒரு கட்டத்தின் எல்லையைச் சுற்றிக் கணக்கிட்டால், உள்ளே எத்தனை என்று தெரிந்துவிடும். பிறகு கோட்டின் மேல் போய் ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். அன்று எல்லைக் கணக்கு சொன்ன எண்ணிக்கையில் இரண்டைக் கோட்டின் மேல் காணோம்!

அந்த இரண்டும் கோட்டுக்கு வெளியே நின்றால்? அம்மாடி! அவள் பெயர் கடல் தாண்டிப் போகும். கூட வேலை பார்க்கும் பாலகுருவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"மேடம், நாளைக்குக் கருத்தரங்குல போட்டு ஒடைச்சிடுங்க. வேற யாராவது முந்திக்கப் போறாங்க."

"அவசரத்துல அள்ளித் தெளிக்கிறதா சார்? எல்லைக் கணக்கு சரியா இருக்குது. உள்ளதான் நான் எதையோ தாண்டிட்டேன்னு தோணுது."

ஆசை இல்லாமலா? ஆனாலும் உட்கார்ந்து பார்த்தாள். பாத்தியின் இரண்டு ஓரமும் உப்பு பூத்து வெளுத்திருந்தால் நடுவும் வெளுத்திருக்கும் என்று நம்புவது உப்பளத்துப் புத்தி. அவளும் அதைத்தான் செய்திருந்தாள். கோட்டில் எட்டி எட்டிப் பார்த்தபோது, ஓரிடத்தில் மதிப்பு பூஜ்ஜியத்துக்கு மேலே, அடுத்த இடத்திலும் மேலே. நடுவிலும் மேலேதான் என்று விட்டுவிட்டாள். இப்போது அடி மேல் அடி வைத்து உள்ளே போனாள். மதிப்பு பூஜ்ஜியத்துக்குத் துளியூண்டு கீழே இறங்கி, உடனே ஏறியிருந்தது. இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று. இரண்டு பூஜ்ஜியமும் ஒட்டிக்கொண்டு கோட்டின் மேலேயே நின்றன.

மறுநாள் மேடையில் மறைக்காமல் சொன்னாள். "ரெண்டு பூஜ்ஜியம் காணாமப் போகல. நான்தான் தாண்டிப் போயிட்டேன்." பாலகுரு தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு வந்ததும் அப்பா தனக்கோடி கேட்டார்.

"தேடினது கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுதுப்பா. இருக்க வேண்டிய எடத்துலயே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் கண்ணு கலங்கி இருக்குது?"

"வேற எடத்துல இருக்கணும்னு ஆசப்பட்டுட்டேன்ப்பா."